எப்பிராயீம் மாதிரி

இனி வாராவாரம் யூதர்களின் ஓய்வுநாளைக் குடும்பமாக வரவேற்பதென்று முடிவான முதல் வெள்ளிக்கிழமை. ஜப்பானின் கோபேயில் பொழுது சாய, ஓர்னா மெழுகுவத்திகளை ஏற்றினாள். அவள் கணவன் கிதியோன் மகளை ஆசீர்வதிக்க அவள் தலையில் இரு கைகளையும் வைத்தான்.

"எப்பிராயீம், மனாசே மாதிரி நீ வளரணும்."

திர்சா வெடுக்கென்று நிமிர்ந்தாள். "ஐயோ அப்பா, அது பையனுங்களுக்குச் சொல்றது! எனக்கு சாராள், ரெபெக்காள் மாதிரின்னு சொல்லணும். இதுகூடத் தெரியாதா?"

"எங்க வீட்ல மூணுமே பசங்கடி. எங்கப்பா சொல்லி நான் கேட்டது இது ஒண்ணுதான்."

அந்த அப்பாவின் கைகள் போய் இருபது வருடம்.

 வாயாடி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருப்பா."

அவன் தலையில் இரண்டு சின்னக் கைகள் பதிந்தன.

"எப்பிராயீம், மனாசே மாதிரி..."

கிதியோன் கண்ணை மூடிக்கொண்டான். கனம் அதேதான்.