என் காட்டுக் களை

ஜனவரி எங்களுக்குக் கேடுகெட்ட மாதம். குதிர் துடைத்து வைத்தாற்போல் கிடக்கும். காட்டில் மக்காச்சோளம் முழங்கால் உயரம்தான் நிற்கும். நம் காட்டில் களை வெட்டி மண் அணைக்க வேண்டியதும் அப்போதுதான், அடுத்தவர் காட்டில் வெட்டினால்தான் சாப்பாடு என்பதும் அப்போதுதான். அந்தக் கூலிவேலைக்கு எங்கள் டோவா மாவட்டத்தில் கன்யு என்று பெயர்.

மூன்று வாரமாக நானும் என் புருஷன் யோனாவும் ஊரில் வசதியான நாம்வாலே அக்காவின் காட்டில்தான் குனிந்து கிடந்தோம். நாளுக்கு ஒரு பேசின் சோளம். நான்கு பிள்ளைகளோடு எங்களுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அவள் பயிர் என் கைபட்டு இடுப்புக்கு வளர்ந்தது. என் பயிர் புல்லுக்குள் மஞ்சளடித்து நின்றது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

திங்கட்கிழமை முடிவு கட்டினேன்.

"இன்னைக்கு நம்ம காடுதான். பூசணி இலையை வேகவச்சுத் தின்னுக்கலாம். இந்த வாரம் விட்டா அடுத்த வருசமும் இதே கதிதான்."

"நிலம் உன் அம்மா வழி. நீ சொன்னா சரி," என்றான் யோனா. பெண்டாட்டி ஊருக்கு வந்து குடியிருக்கும் மாப்பிள்ளை வேறென்ன சொல்வான்?

இரண்டு பார் முடித்திருப்போம். சின்னவள் தபிதா வரப்பிலேயே சுருண்டு படுத்துவிட்டாள். பசி என்று அழக்கூட இல்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து நாம்வாலே அக்கா வந்தாள்.

"என்னடி எசினாத்தி, என் காட்டை விட்டுட்டு வந்துட்ட. இங்க என்ன பொன்னா விளையுது?"

"என் பயிர் சாகுதுக்கா."

"வெட்டிட்டா போதுமா? உரத்துக்கு எங்க போவ? இந்த வருசம் காட்டை என்கிட்ட விட்டுரு. ரெண்டு மூட்டை சோளம் இப்பவே தர்றேன். உரம் நான் போட்டுக்கறேன்."

"அப்ப அறுவடை?"

"உரம் போட்டவளுக்குத்தான்."

நான் தபிதாவைப் பார்த்தேன்.

"சரிக்கா."

அன்று பிள்ளைகள் வயிறு நிறையக் களி தின்றார்கள். மறுநாள் அதே காட்டில் களை வெட்ட அக்கா எங்களையே கன்யுவுக்குக் கூப்பிட்டாள். நாளுக்கு ஒரு பேசின். நான்கே நாளில் புல்லெல்லாம் எடுத்து, பாருக்குப் பார் மண் அணைத்து, உரம் வைத்தோம். பத்து நாளில் பயிர் கருகருவென்று எழுந்தது. என் காடு இத்தனை அழகாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"கைராசிக்காரிடி நீ," என்றாள் அக்கா.

ஒவ்வொரு தட்டையாகப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது எனக்கு.