தறிகள் நின்ற சாயங்காலம்

மழை பெய்ததென்னவோ கொஞ்ச நேரம்தான். காற்றுதான் ஆடித் தீர்த்துவிட்டது. சாமளாபுரத்தை ஒட்டிய தோட்டத்துச் சாலையில் வேப்பமரம் ஒன்று சாய்ந்து, மின்கம்பத்தையும் கூடவே படுக்க வைத்துவிட்டது. கோமளாவின் கோழிப்பண்ணையில் ஆளுயர விசிறிகள் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றன.

கோமளா முதலில் பதறவில்லை. ஜெனரேட்டரைப் போட்டாள். அது கொஞ்சம் ஓடியது, கருகல் நாற்றம் வந்தது, புகைந்து அடங்கிவிட்டது. அப்போதுதான் பதறினாள். நாலு பக்கமும் மூடிய கொட்டகை அது. விசிறி இழுக்கிற காற்றில்தான் ஆயிரக்கணக்கான கோழிகள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் வண்டி ஏறவேண்டிய கொழுத்த கோழிகள், சூடு தாங்காதவை. மழை விட்டதும் கிளம்பிய புழுக்கத்தில் அதிக நேரம் தாக்குப்பிடிக்காது.

கணவன் சரவணக்குமார் காங்கேயம் போயிருந்தான். போன் போட்டால், வழியெல்லாம் மரம் விழுந்து வண்டி நிற்பதாகச் சொன்னான். கோமளா கொட்டகையின் பக்கவாட்டுப் படுதாக்களை அவிழ்த்துத் திறந்துவிட்டாள். வெளியே இலைகூட அசையவில்லை. கோழிகள் வாயைப் பிளந்து இரைத்தன.

மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டாள். எடுக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். எடுத்துவிட்டார்கள்.

“மோனிஷா பேசறனுங்க. சொல்லுங்க.”

கோமளாவுக்குப் பேச்சே கோர்வையாக வரவில்லை. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். “ஊரெல்லாம் லைன் போயிருக்குதுங்க. ஆனா உசுரு விசயம்னு சொல்றீங்க. இருங்க, சாமியப்பன் அண்ணன் அந்தப் பக்கந்தான் இருக்காரு. அனுப்பறேன்.”

சொன்னபடியே ஜீப் வந்தது. போர்மேன் சாமியப்பனும் வயர்மேன் தமிழ்செல்வனும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

“ஜெனரேட்டர் ஓடுதுங்களா?” சாமியப்பன் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி அது.

“எரிஞ்சு போச்சுங்க.”

“மெயின ஆஃப் பண்ணிருங்க. அந்தக் கரண்டு திரும்பி லைனுக்கு வந்தா மேல ஏறுற ஆளு காலி.”

விழுந்த கம்பத்தைச் சுற்றி வந்து பார்த்தார். “புதுக் கம்பம் நட இருட்டாயிருமுங்க.”

கோமளா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரிங்க அம்மிணி. வேற வழி ஒண்ணு இருக்குது. கீழ்க்காட்டு லைன இங்க திருப்பி உடலாம். ஆனா அது சின்ன லைன். இந்த ரோட்டு விசைத்தறியெல்லாம் சேந்து ஓடுச்சுன்னா தாங்காது. மறுபடியும் போயிரும்.”

கரண்டு போனதால் அக்கம்பக்கத்துத் தறிக்காரர்கள் அதற்குள் சாலைக்கு வந்துவிட்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் ஆத்தப்பன். கோழிப்பண்ணையால் ஈத்தொல்லை என்று பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தவர். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவரிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது? கோமளா தலைகுனிந்து நின்றாள். விஷயத்தைச் சாமியப்பனே சத்தமாக எல்லோருக்கும் சொன்னார்.

ஆத்தப்பன் நேரே தன் தறிக்குடோனுக்குள் போனார். உள்ளே மெயின் சுவிட்சை இறக்கும் சத்தம் ‘டக்’கென்று கேட்டது.

“எம்படத நிறுத்தியாச்சு. மத்தவங்களுது எல்லாத்தையும் நானே போய் நிறுத்திப்போடறனுங்க” என்றார் வெளியே வந்து. கோமளா கையெடுத்துக் கும்பிடப் போனாள். “ஈயப் பத்தி அப்பறம் சண்டை போட்டுக்கலாம். நீங்க உள்ள போய்க் கோழியப் பாருங்க” என்றவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த குடோனுக்கு நடந்தார்.

சாமியப்பன் துணைமின் நிலையத்துக்குப் பேசி, லைன் நின்றதை ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டு உறுதி செய்தார். அதற்குப் பிறகுதான் தமிழ்செல்வனை ஏறவிட்டார். பக்கத்தில் நின்ற ஈரக் கம்பத்தில் அவன் காலை ஊன்றி ஊன்றி ஏறுவதைப் பார்க்கவே கோமளாவுக்குத் தைரியமில்லை. உடைந்த பக்கத்தை வெட்டிவிட்டு, கீழ்க்காட்டு லைனை இழுத்து இணைத்தான். இறங்கி வந்ததும் சாமியப்பன் கோமளாவை மெயினைப் போடச் சொல்லிவிட்டு, லைனை விடச் சொல்ல மறுபடி போனை எடுத்தார்.

விசிறிகள் ஒரு குலுங்கு குலுங்கின. பிறகு சுற்றத் தொடங்கின.

கோமளா கொட்டகைக்குள் ஓடினாள். கடைசி மூலையில் சில கோழிகள் செத்துக் கிடந்தன. மற்றவையெல்லாம் உயிரோடிருந்தன. காற்று பட்டதும் ஒவ்வொன்றாக வாயை மூடின. ஒரு கோழி எழுந்து தண்ணீரைக் கொத்தியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மின்வாரிய ஆபீசுக்கு மறுபடி போன் போட்டாள்.

“மறுபடியும் போயிருச்சுங்களா?” என்றாள் மோனிஷா பதற்றமாக.

“இல்லீங்க. வந்துருச்சுன்னு சொல்லத்தான் கூப்பிட்டனுங்க.”

“அப்படிச் சொல்றதுக்கு இங்க யாரும் கூப்பிடறதில்லீங்க” என்றாள் அந்தப் பெண். குரல் லேசாக மாறியிருந்தது.

புதுக் கம்பம் வண்டியில் வந்து இறங்கியபோது வேலையில்லாமல் நின்ற தறிக்காரர்கள் தாங்களாகவே கடப்பாரை எடுத்தார்கள். ஆத்தப்பன் குழி தோண்டினார். மற்றவர்கள் கயிறு பிடித்தார்கள். பொழுது மசங்கும் நேரத்தில் கம்பம் நிமிர்ந்தது.

கோமளா தூக்குப்போசியில் காப்பி கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினாள். சாமியப்பன் நின்றபடியே குடித்தார். “உங்களுக்கு என்ன செய்யறதுன்னே தெரியலீங்கண்ணா” என்றாள். “இன்னுங் கொஞ்சம் சக்கரை போட்டிருக்கலாம்” என்று சிரித்துவிட்டு, ஒலித்த போனைக் காதில் வைத்தபடியே ஜீப்பில் ஏறிவிட்டார். அடுத்த ஊரில் ஏதோ டிரான்ஸ்பார்மர் போய்விட்டதாம்.

ஆத்தப்பன் இன்னும் குழியோரம் நின்று மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார். கோமளா அவரிடம் போனாள்.

“தறிய ஓட்டுங்கண்ணா. இனி ஓட்டலாம்னு சொல்லிட்டாங்க.”

“ஓட்டறேன்” என்றவர் டம்ளரை நீட்டினார். “மொதல்ல இன்னொரு வாய் காப்பி ஊத்து அம்மிணி.”