ஆசியாம்மா வீட்டின் ஜன்னல்கள்

ஆலங்காயத்தில் ஆசியாம்மாவின் வீடு தினமும் அரைச் சுற்றுத் திரும்புகிறது. காலையில் ஜன்னல்கள் மேற்கே பார்க்கும், மாலையில் கிழக்கே. விடிவதற்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். சொம்புத் தண்ணீர்கூடத் தளும்பாது. இது தொடங்கிய வாரத்தில் தக்காளி கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு இறங்கியிருந்தது.

வீட்டை வரைந்தவள் சிவசங்கரி. குடும்பத்தின் முதல் பட்டதாரி. அதற்குத் தாலுகா ஆபீஸ் தந்த சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருப்பவள். ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் அவள் இரண்டு பாடம் நடத்தினாள். ஏசி இல்லாமல் குளிரும் வீட்டை வரைவது ஒன்று. வரைந்ததை ஓசியில் கேட்கிறவர்களிடம் ஃபீஸ் வாங்குவது இன்னொன்று. இரண்டிலும் அனுபவம் கிடையாது. குரலை உயர்த்திச் சமாளித்தாள்.

முதல் கிளையண்ட் ஆசியாம்மாதான். மனை பார்க்கப் போன அன்று மழை மூட்டம், சூரியன் தெரியவில்லை. போனில் திசைகாட்டியைத் திறந்து ஸ்கூட்டி சீட்டின்மேல் வைத்தாள். வண்டியின் இரும்பால் அது குழம்பித் தலைகீழாகக் காட்டியது. அவளும் அப்படியே வரைந்தாள். ஐந்து வேளையும் மேற்கே பார்த்துத் தொழுகிற ஆசியாம்மா பக்கத்திலேயே நின்றார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மேடத்துக்குத் திசை தெரியாதென்று ஆகிவிடுமாம். மேஸ்திரி உமர் ஃபாரூக் மட்டும், "ஜன்னல்லாம் சாயங்கால வெயில் பக்கம் வருதேம்மா" என்றார். "நான் ஆறு வருஷம் படிச்சிருக்கேன்" என்றாள். படிப்பு ஐந்து வருஷம்தான்; ஆறாவது அரியர்.

பூச்சு முடிந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கட்டிய வீடு ஒன்றைக் கல்லூரிக் குழு நேரில் பார்த்தால்தான் வேலை நிரந்தரம். அவர்கள் வருவது சித்திரையில், மத்தியானம் மூன்று மணிக்கு. அன்று ஜன்னல் வெயிலை மறைக்க மூங்கில் திரைகளும் ஏணியுமாக ஓடினாள். மேற்குப் பக்கம் வெறும் சுவர்தான் இருந்தது. அவள் வீட்டைச் சுற்றி வந்து ஜன்னல் தேடிக்கொண்டிருக்கையில், உள்ளே குழுத்தலைவர் குளிர்கிறதென்று ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே லைன்மேன் குணசீலன், "இன்னா மேடம், வூட்ட சுத்த வுட்டுட்டீங்க, வயர யாரு கட்றது?" என்று திட்டிக்கொண்டே இரண்டு சுற்று கூடுதல் வயர் விட்டுக் கட்டினார்.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூட வராது. மறுநாள் வகுப்பில், "நான் தப்பா வரைஞ்சேன், வீடு தானா திருத்திக்கிச்சு" என்றாள். காஷிஃபா என்ற மாணவி எழுந்து, "அப்ப ஃபீஸ வூட்டுக்குத்தானே மேடம் குடுக்கணும்?" என்றாள். சிவசங்கரி அதை ஃபீஸ் பாடத்தில் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொண்டாள். விஷயம் குழுத்தலைவர் காதுக்குப் போனது. தப்பாக வரைந்து இப்படி அமையாது, அடக்கத்தில் சொல்கிறாள் என்று முடிவு செய்து அவர் வேலையை உறுதி செய்தார். அவளை அடக்கமானவள் என்று யாரும் சொன்னது அதுவே முதல் தடவை.

ஆசியாம்மாவிடம் போய் ஒப்புக்கொண்டாள்.

"கடக்கால் தோண்டும்போதே தெரியும்மா. படிச்ச பொண்ணாச்சே, எதாவது கணக்கு இருக்கும்னு இருந்துட்டேன்."

அடுத்த மனை கண்ணமங்கலத்தில், சகுந்தலா என்பவருடையது. போனை எடுக்காமல், "மேற்கு எந்தப் பக்கம், அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வரைந்தாள். அந்த வீடு குளுகுளுவென்று இருக்கிறது. ஓர் அங்குலம் அசையவில்லை. "எங்க வூடு மட்டும் ஏன் திரும்பல?" என்று சகுந்தலா இன்றும் சண்டைக்கு வருகிறார்.

ஆசியாம்மா தொழுகைப் பாயைக் காலையில் ஒரு சுவரைப் பார்த்தும் மாலையில் எதிர்ச்சுவரைப் பார்த்தும் விரிக்கிறார். சாயங்காலம் வருகிறவர்கள் வாசலுக்குப் பின்பக்கமாகப் போக வேண்டும். தபால்காரருக்குத் தெரியும்.