பரங்கிக்காயும் நாலடிக் கோடும்

"முந்நூறு!" என்று கத்தியது நான்தான். யாரும் என் வாய்க்குள் கையை விட்டு அந்த வார்த்தையை இழுத்து வெளியே போடவில்லை.

1996 செப்டம்பர், செம்பாக்கத்தில் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தார், பரங்கிக்காய், கேக், முட்டை, கால் கட்டிய சேவல் எல்லாவற்றையும் காரியதரிசி ஞானையா தூக்கிக் காட்டிக் கூவுவார். ஆலயக் கூரை ஒழுகிக்கொண்டிருந்ததால் அந்த வருஷம் குரலில் கொஞ்சம் கூடுதல் உருக்கம்.

பரங்கிக்காயை வாங்க வேண்டும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வாங்க நினைத்தவர் என் மனைவி யூனிஸின் அண்ணன் சத்தியநாதன். குரோம்பேட்டையில் சொந்த வீடு, ஸ்கூட்டர், மத்திய அரசு உத்தியோகம். "நூறு" என்று ஆரம்பித்தார். மனிதரிடம் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கொடுக்கட்டுமே, கூரைக்கு நாலு ஓடு கூட வருமே என்று நான் "நூற்றிருபது" என்றேன். சபையில் எனக்குக் கோமாளிப் பட்டம் உண்டு. நான் வாயைத் திறந்தாலே சிரிக்கப் பத்துப் பேர் தயாராக இருப்பார்கள். சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. அவர் ஏற, நான் ஏற, அவர் இருநூற்றெண்பதில் நின்றார். நான் முந்நூறு என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு மிக இனிமையாக, "விடுங்க ஐயா, மாப்பிள்ளை ஆசைப்படறார்" என்றார்.

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

என் சட்டைப் பையில் சரியாக முந்நூறு ரூபாய் இருந்தது. வீட்டில் வைத்தால் செலவாகிவிடும் என்று கூடவே எடுத்துக்கொண்டு அலைந்த பணம். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த தண்ணீர் பார்க்குக்கு நாங்கள் மூன்று பேரும் காந்தி ஜெயந்தியன்று போவதற்கான பணம்.

பரங்கிக்காய் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தது. நான் தள்ளினேன். யூனிஸும் எட்டு வயது மகள் ஜெமிமாவும் பின்னால் நடந்து வந்தார்கள். யூனிஸ் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அன்று மத்தியானமே கதை முடிந்திருக்கும்.

அந்தத் திட்டம் சாதாரணத் திட்டம் இல்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து போட்டது. பெரியவர்களுக்கு நூற்றிருபது, நாலடிக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு அறுபது. வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். ஆகவே கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் பத்து மணிக்கே எலுமிச்சை சாதத்தைக் கழுத்து வரை சாப்பிட்டுவிட்டு நுழைய வேண்டும்; மாலை வரை யாருக்கும் பசிக்கக் கூடாது. நீச்சல் உடுப்பு வாடகைக்கு எடுக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டு, யூனிஸ் தன் பழைய நைட்டியை வெட்டி ஜெமிமாவுக்கு ஒன்று தைத்திருந்தாள். பூப்போட்ட நீச்சல் உடுப்பு.

நாலடிதான் ஒரே கவலை. சமையலறை வாசல் நிலையில் டேப் வைத்து அளந்து சாக்பீஸால் கோடு போட்டிருந்தேன். ஜெமிமா கோட்டுக்கு அரை அங்குலம் கீழே இருந்தாள். "வளர்றதா இருந்தா அக்டோபர் மூணாம் தேதி வளந்துக்கோ. அதுவரைக்கும் அப்படியே நில்லு" என்று சொல்லியிருந்தேன். அவள் சிரித்தாள். நானும் மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை யூனிஸ் பரங்கிக்காயை வெட்டினாள். பதினாலு கிலோ. பக்கத்துப் போர்ஷன்கள் மூன்றுக்கும் போக மிச்சம் எங்களுக்கு. கூட்டு, சாம்பார், அடை, பிறகு அல்வா என்ற பெயரில் ஒன்று.

"என்ன யூனிஸ், போகலாமா வேண்டாமா?" என்றேன்.

"உங்க இஷ்டம்."

"என் இஷ்டத்தைத்தான் ஞாயித்துக்கிழமை பாத்தியே."

"அப்ப பாத்துக்கலாம்" என்று அவள் தான் வேலை பார்க்கும் நர்சரி ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டாள்.

என்னால் உட்கார முடியவில்லை. வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட்டால்கூடப் போதும், நிம்மதியாகப் பரங்கிக்காய் சாப்பிடலாம். அக்டோபர் பாதியில் மழை பிடித்துக்கொண்டால் தண்ணீர் பார்க்குக்குப் போய் என்ன செய்வது, தெருவிலேயே இறங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் செலவு. இந்தக் காலாண்டு விடுமுறையை விட்டால் அடுத்த மே மாதம். அதற்குள் குழந்தை கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை மைத்துனருக்கு ஆபீஸிலிருந்து போன் போட்டேன். பத்துப் பேராகப் போனால் டிக்கெட்டில் சலுகை என்று விளம்பரத்தில் இருந்தது.

"மச்சான், நீங்க குடும்பத்தோட வந்தா சலுகை கிடைக்கும்."

"பார்க்கலாம் மாப்பிள்ளை. பரங்கிக்காய் எப்படி, இனிப்பா இருந்துதா?"

புதன்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் சைக்கிளை நேரே பார்க்குக்கு மிதித்தேன். மதிலுக்கு மேலே நீலமாகவும் மஞ்சளாகவும் சறுக்குக் குழாய்கள் தெரிந்தன. உள்ளே யாரோ ஒரு குழந்தை வழுக்கி வரும்போது போட்ட கூச்சல், குழாய் முழுக்க ஓடி வந்து கடைசியில் தொப்பென்று தண்ணீரில் முடிந்தது. பத்து நிமிஷம் மதிலோரம் நின்று அதைக் கேட்டேன். பிறகு கவுண்டரில் இருந்தவரிடம், உயரத்தைச் செருப்போடு அளப்பீர்களா, செருப்பில்லாமலா என்று கேட்டேன்.

"அன்னைக்குக் கூட்டத்தைப் பொறுத்து சார்."

"கூட்டம் அதிகமானா குழந்தை வளர்ந்துடுமா?"

"வந்து பாருங்க சார்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் ஜெமிமா வாசலில் நின்றிருந்தாள். "போறோமாப்பா?"

"பரங்கிக்காய்க்கு நீச்சல் தெரியுமான்னு கேட்டுட்டுச் சொல்றேன்."

மரியாதைக்குச் சிரித்தாள். "பரவாயில்லப்பா" என்றாள்.

அவள் பால் குடிப்பதை நிறுத்தி மூன்று நாளாகிவிட்டது என்று யூனிஸ் சொன்னாள். முட்டையும் வேண்டாமாம். தெருப் பிள்ளைகளோடு ஸ்கிப்பிங் ஆடக் கூப்பிட்டால் போவதில்லை. காய்ச்சலும் இல்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி நடக்கிறாள். "பரங்கிக்காயைப் பாத்து வந்த பயம்" என்றேன். யூனிஸ் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை ஆபீஸில் பொன்னுரங்கம் டீ கொண்டுவந்தார். பல்லாவரத்துத் தோல் கம்பெனியில் நான் குமாஸ்தா, அவர் பியூன். யார் மூஞ்சியையும் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் மாதிரி படித்துவிடுவார்.

"இன்னா ஐசக் சார், மூஞ்சி பரங்கிக்கா மாரி வீங்கிக் கீது?"

"உங்களுக்குமா தெரியும்?"

"தாம்பரம் பூரா பேசிக்கினு கீறாங்க. வுடு சார். பண்டிகை அட்வான்ஸ் பாரம் வந்துகீது, எடுத்துக்கோ. ஐந்நூறு தருவாங்கோ. மாசம் அம்பது ரூபா புடிச்சிக்குவாங்க."

"அது வருஷத்துக்கு ஒரு தடவைதானே? கிறிஸ்துமஸுக்கு வேணுமே."

"இப்ப வாங்கினா அப்ப கெடைக்காது. ரெண்டுல ஒண்ணு. எந்தப் பண்டிகைன்னு எழுதணும் சார், அத்த மட்டும் பாத்து எழுது. தீவாளின்னு எழுதிப்புட்டு அப்பால பாதிரியார்கிட்ட மாட்டிக்காதே."

காந்தி ஜெயந்தி என்று எழுதலாமா என்று கேட்டேன். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாரத்தை மடித்துப் பையில் வைத்தேன். கிறிஸ்துமஸ் துணி என்பது எங்கள் வீட்டில் விளையாட்டு இல்லை. வருஷத்தில் கடைக்குப் போய்ப் புதுசாக எடுப்பது அந்த ஒரு தடவைதான். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு பஜனைக் குழுவோடு வீடு வீடாகப் போகும்போது எல்லாப் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் கவுனைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். அதில் ஒரு பிள்ளையை மட்டும் பழைய துணியில் அனுப்புவதா? பாரம் பையில் கிடந்து சரசரவென்று சத்தம் போட்டது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போய்விட்டேன். சைக்கிளை ஆபீஸிலேயே விட்டுவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பல் தேய்த்துவிட்டு உள்ளே வந்தேன். ஜெமிமா சமையலறை நிலையில் முதுகை ஒட்டி நின்றிருந்தாள். தலைமேல், ஆபீஸிலிருந்து நான் கொண்டுவந்த பழைய டெலிபோன் டைரக்டரி. சென்னைவாசிகள் அத்தனை பேரின் பாரத்தையும் தலையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னடா கண்ணு?"

அவள் டைரக்டரியை எடுத்தாள். தலை உச்சி சாக்பீஸ் கோட்டை லேசாகத் தாண்டியிருந்தது. நூல் அளவுதான்.

"வளந்துட்டேன்ப்பா" என்றாள், யார் பையிலிருந்தோ காசு எடுத்துவிட்ட மாதிரி. "பால் கூடக் குடிக்கல. ஆனாலும் வளந்துட்டேன்."

ஒரு தமாஷ் நாக்கு நுனி வரை வந்தது. நல்ல தமாஷ்தான். முழுங்கினேன். வெறும் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். பையிலிருந்து பாரத்தை எடுத்துப் பிரித்தேன்.

"இங்க பாரு ஜெமி. இதை எழுதிக் கொடுத்தா ஆபீஸ்ல பணம் தருவாங்க. அதுல பார்க் போகலாம். ஆனா அப்புறம் கிறிஸ்துமஸுக்குப் பணம் வராது. புது கவுன் கிடையாது. பஜனைக்குப் போன வருஷத்துக் கவுன்தான். அது உனக்குக் குட்டையாவும் இருக்கும்."

"அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கும் புதுசு கிடையாது. எனக்கும் கிடையாது."

உள்ளே தேங்காய் துருவும் சத்தம் நின்றது. ஜெமிமா அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவைப் பாக்காதே. அம்மாகிட்ட நான் தனியாக் கேட்டுக்கறேன். நீ உனக்குச் சொல்லு. பரவாயில்லன்னு சொல்லக்கூடாது. அப்பாவுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு யோசிக்கக்கூடாது. அப்பா தமாஷ் பண்ணல. பார்க்கா, கவுனா?"

அவள் டைரக்டரியைக் கீழே வைத்தாள். குறுகியிருந்த தோளை மெல்ல நிமிர்த்தினாள். கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு நூல் ஏறிய மாதிரி இருந்தது.

"பார்க்" என்றாள். "எனக்குப் போகணும்ப்பா. ரொம்ப. ஆனா அங்க நான் குனிஞ்சு நிக்க மாட்டேன். முழு டிக்கெட் வாங்குங்க."