நாற்பத்தோரு தறிக்காரர்கள்

சனிக்கிழமை மத்தியானம், பட்டனை அழுத்திய பிறகுதான் பார்த்தேன். பட்டியல் போய் விழுந்தது எங்கள் பெட்டியில் இல்லை, பொதுப்பெட்டியில். நாங்கள் பேண்டேஜ் துணி அனுப்புகிற சென்னைக் கம்பெனி, சரக்குக் கொடுக்கிறவர்கள் மட்டும் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகிற மாதிரி ஒரு போர்ட்டல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனிப்பெட்டி. அது போக, எல்லாரும் பார்க்கிற பெட்டி ஒன்று. துணி எங்கெங்கே நெய்கிறோம் என்று பட்டியல் கேட்டிருந்தார்கள். நாற்பத்தோரு தறிக்காரர்கள், பேர், ஊர், செல் நம்பரோடு. ராஜபாளையத்தில் எந்த முதலாளியும் தன் தறிக்காரன் யார் என்று அடுத்தவனிடம் சொல்லமாட்டார். சீசனில் ஆளை இழுத்துவிடுவார்கள். விஷயம் தெரிந்தால் எங்கள் வேலுசாமி முதலாளி என்னை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவார். மறுபடி நூல் மில்லில் நைட் ஷிப்ட். நாலு வருஷம் பார்த்துவிட்டு ஓடிவந்த வேலை. திரும்பிப் போக என்னால் முடியாது.

ஏற்றியதை நானே அழிக்க வழியில்லை. கம்பெனியில் போனை எடுக்கவில்லை. யார் திறந்து பார்த்தார்கள் என்பதை மட்டும் திரை காட்டியது. ஒரே பேர்: செல்வலட்சுமி, ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட். எங்களுக்குப் போட்டியே அவர்கள்தான்.

"பல்லு வலிக்கி. செத்த நேரம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்" என்றேன் முதலாளியிடம்.

"ஏலே, பல்லு வலிக்கா இப்படி வேர்க்குது?"

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

செல்வலட்சுமியை ஒரு மீட்டிங்கில் பார்த்திருக்கிறேன். அந்த ஆபீஸில் எல்லாமே அவர்தான். என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

"வருவேன்னு தெரியும். ஒக்காரு."

"அக்கா, ஒங்க மொதலாளி பாத்துட்டாரா?"

"அவியளுக்கு அதத் தொறக்கவே தெரியாது. நானும் காட்டல."

திரையை என் பக்கம் திருப்பினார். எங்கள் பட்டியல் ஒரு பாதியில், அவர்களுடையது மறு பாதியில். சோழபுரம் கருத்தப்பாண்டி இரண்டிலும் இருந்தான். முத்துவீரன் இருந்தான். தங்கபாய் இருந்தார். எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது பேர்.

"ஒங்களுக்கு மட்டுந்தான் நெய்யுதேன்னு எங்க மொதலாளிகிட்ட சத்தியம் பண்ணிருக்கான் கருத்தப்பாண்டி" என்றார்.

"எங்ககிட்டயும் பண்ணிருக்கான்."

"ரெண்டு மொதலாளிக்கும் தெரிஞ்சா இந்த பத்தொம்பது பேரையும் வெட்டி விட்ருவாக. பொறவு துணிக்கு எங்க போவ? எடுக்கச் சொல்லி கம்பெனிக்கு அப்பவே மெயில் போட்டுட்டேன். ஒனக்காகன்னு நெனச்சுக்காத. அடுத்த வாரம் நானும் லிஸ்ட் ஏத்தணும். என் கையும் தவறலாம்."

நாலு மணிக்குப் பட்டியல் பொதுப்பெட்டியில் இல்லை. அதுவரை வேறு யாரும் திறக்கவுமில்லை. வெளியே வந்த பிறகுதான் பசி தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் நாலு வடை தின்றேன். ஐந்தாவதை எடுக்கும்போது போன் அடித்தது. கருத்தப்பாண்டி.

"அண்ணே, துணி ரெடி. சீக்கிரம் வண்டி அனுப்புங்க, எடம் வேணும்."

"எதுக்குடா எடம்?"

"சும்மாத்தாண்ணே."

அவனுக்குப் பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றோ நாலோ. எது எங்களுக்கு ஓடுகிறது, எது அவர்களுக்கு என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.