நாயகியோடு பேசுகிறவர்

சபையில் தவநாயகி சாட்சி சொல்ல எழும்பும்போதெல்லாம் நான் கைப்பையைத் திறந்து எதையாவது தேடுவேன். அன்றைக்கும் தேடினேன். மோர்டனில் வெள்ளைக்காரர் காலை ஆராதனையை முடித்துக்கொண்டு போன மண்டபத்தில், ஞாயிறு மூன்று மணிக்குத்தான் எங்கள் தமிழ்ச் சபை கூடும். நாற்பது பேர் கதிரை நுனியில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆண்டவர் சொன்னவர், 'நாயகி, இண்டைக்கு பஸ்ஸில ஏறாதை, நடந்து போ' எண்டு. நடந்து போனன். வழியில ஆரைக் கண்டனான்? ஏழு வருசமா என்னோட கதைக்காத என்ரை மச்சாள்! ரெண்டு பேரும் றோட்டிலயே கட்டிப்பிடிச்சு அழுதம்."

அல்லேலூயா என்று மண்டபம் அதிர்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது? நான் நாலு தலைமுறைக் கிறிஸ்தவள். மிஷன் காலத்திலேயே எங்கள் பூட்டனார் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார். வேதத்தை ஆதி முதல் அந்தம் வரை பதினொரு தடவை வாசித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மத்தியான இடைவேளையில் களஞ்சிய அறைக்குள் போய் மா மூட்டைகளுக்கு நடுவில் முழங்காலில் நின்று, ஒரு சொல்லாவது சொல்லும் ஆண்டவரே என்று இருபது வருடமாகக் கேட்கிறேன். குளிர்சாதனப் பெட்டி இரைகிற சத்தம்தான் கேட்கும். இவளோ மூன்று வருடத்துக்கு முன்தான் சபைக்கு வந்தவள். எந்தப் புத்தகம் பழைய ஏற்பாடு, எது புதியது என்று இன்னும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறாள். அவளோடு தினமும் பேசுகிறாராம். அதுவும் சந்தையில் மீன் வாங்குகிற பேச்சில்!

எங்கள் பாஸ்டர் டினேஷ் இளம் பொடியன். அவனிடம் ஒருநாள் கேட்டே விட்டேன். "தம்பி, ஆண்டவர் 'ஏறாதை' எண்டு சொல்லுவாரோ? வேதத்தில இருக்கிற மாதிரி 'ஏறாதே' எண்டெல்லோ சொல்லோணும்?"

அவன் சிரித்தான். "அன்ரி, அவர் அவரவர் பாஷையிலதான் கதைப்பார்."

அப்படியானால் என் பாஷை அவருக்குத் தெரியாதோ என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கதிரைகளை அடுக்கப் போனேன்.

அடுத்த புதன்கிழமை வேலை முடிந்து வெளியே வந்தால், பள்ளிக்கூட வாசலில் தவநாயகி நிற்கிறாள். மழைத் தூறல், குடை இல்லை. என்னோடு பஸ் தரிப்பிடம் வரைக்கும் நடந்து வந்தாள். அங்கே வேறு யாரும் இல்லை. இருவரும் அமர்ந்ததும், இடது மார்பில் ஒரு கட்டி என்றாள். நாலு மாதமாக.

"ஜிபி டாக்டர் என்ன சொன்னவர்?"

"போகேல்லை அக்கா. ஆண்டவர் 'பயப்பிடாதை, நான் பாக்கிறன்' எண்டவர். அதால ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இப்ப அது பெருத்திட்டுது."

"இதை ஏன் எனக்கு வந்து சொல்லுறீர்?"

"சபையில மற்ற எல்லாரும் நான் என்ன சொன்னாலும் ஆமென் எண்டுவினம். நீங்கள் ஒராள்தான் என்னை நம்பாத ஆள். சொல்லுங்கோ யோகமக்கா. அது அவரின்ரை குரலோ, இல்லாட்டி என்ரை பயமோ? எனக்குப் பிரிச்சுப் பாக்க ஏலாமக் கிடக்கு."

நான் கைப்பைக்குள் தேடுவதெல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. வெட்கப்பட்டேன் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் முதலில் வந்தது சந்தோஷம். இவளுக்கும் தெரியவில்லை! இந்தக் குரல் பொய்யாக இருக்க வேண்டும் என்று மூன்று வருடமாக நான் ஏங்கினேன், இப்போது அவளே அதைக் கொண்டுவந்து என் மடியில் வைக்கிறாள். அந்தச் சந்தோஷத்தைக் கண்டு எனக்கே பயம் பிடித்தது. அது ஆண்டவர் இல்லை என்று நான் சொன்னால், சொல்லுவது நானா, என் வயிற்றெரிச்சலா? கண்ணை மூடி அவரிடமே கேட்டேன். வழக்கம்போல ஒன்றும் இல்லை. ஒரு பஸ் வந்து, கதவைத் திறந்து மூடி, போனது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மேலா அவர் மேலா என்று தெரியாது.

"விசர்க் கதை கதையாதை! அவர் பாக்கிறார் எண்டால் நீ பாத்துக்கொண்டு இருக்கிறதே? நாளைக்கு விடிய எட்டு மணிக்கு ஜிபிக்குப் போன் எடு. எடுக்காட்டி வீட்டை வந்து இழுத்துக்கொண்டு போவன், சொல்லிப்போட்டன்!"

அவளை ஒருநாளும் நான் நீ என்று சொன்னதில்லை. எப்போதும் நீர்தான். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஓம்" என்றாள்.

அடுத்த நாள் எட்டு மணிக்குப் போன் அடித்து, தொலைபேசி வரிசையில் இருபத்தோராவது ஆளாகக் காத்திருந்திருக்கிறாள். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை நானும் கூடப் போனேன். புற்றுநோய்தான். இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

போன ஞாயிறு அவள் சாட்சி சொல்ல எழும்பினாள்.

"வாற வியாழக்கிழமை எனக்கு ஒபரேஷன். நான் பயத்தில நானே ஒண்டைச் சொல்லி, அதை ஆண்டவர் சொன்னது எண்டு நம்பியிருந்தனான். பிறகு ஒருநாள் அவர் உண்மையாவே கதைச்சவர். 'விசர்க் கதை கதையாதை, விடிய எட்டு மணிக்கு ஜிபிக்குப் போன் எடு' எண்டார். அப்பிடித் தெளிவா நான் ஒருநாளும் கேட்டதில்லை."

சிரிப்பும் கைதட்டலும். பக்கத்தில் இருந்த சுசிலா என் முழங்கையில் இடித்தாள். "பாத்தீங்களோ, இவவோட எப்பிடி உரிமையாக் கதைக்கிறார்!"

அது நான் சொன்னது! என் சொல், என் தொண்டை. இருபது வருடத்தில் எனக்கு ஒரு சொல் தராதவர், என் சொல்லையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் எழும்பியே விட்டேன்.

"குரல் எப்பிடி இருந்தது சிஸ்டர்?" என்று டினேஷ் கேட்டான்.

"நல்ல எரிச்சலோட" என்றாள் நாயகி.

"வேதத்திலயே இருக்கு, அவர் எரிச்சலுள்ள தேவன் எல்லோ!" என்றான் அவன். நாற்பது பேரும் ஆமென் என்றார்கள். நாயகி சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் இருக்க நான் மட்டும் நின்றேன், ஆமென் சொல்வதா அது நான் என்று சொல்வதா தெரியாமல், வாய் திறந்தபடி.