கண்டாக்கையாவின் தொண்ணூற்றொன்பது கிலோ

வட்டவளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவிலே கண்டாக்காக இருந்தவர் செல்லசாமி. பிரிவின் வெளிவேலை முழுவதையும் மேற்பார்க்கும் அந்த உத்தியோகத்தில் அவருக்குப் பத்தொன்பது ஆண்டுப் பழக்கம். காலையில் ஐந்து மணிக்கு எழுவார், சுடுநீரில் குளிப்பார், திருநீறு இட்டுக்கொண்டு, காக்கிக் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே ஏற்றி, பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கப் புறப்படுவார். இவையெல்லாம் எல்லாக் கண்டாக்குகளுக்கும் உள்ளவைதாம். அவருக்கே உரிய பழக்கம் ஒன்று இருந்தது. எதை நிறுத்தாலும் எடையில் கொஞ்சம் கழித்துத்தான் எழுதுவார்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்காக ஒரு கிலோவும், மழைநாளில் ஈரத்துக்காக இரண்டு கிலோவும் கழிப்பது வழக்கம். செல்லசாமிக்கோ ஆண்டு முழுவதும் மழைநாளே. கறிக்கடையிலே ஆட்டிறைச்சி வாங்கினால் எலும்புக்குக் கழிப்பார். மீன் வாங்கினால் ஐஸுக்குக் கழிப்பார். வயதைக் கேட்டால் ஐம்பத்தொன்றிலிருந்து மூன்றைக் கழித்து, நாற்பத்தெட்டு என்பார். அதிலே வஞ்சகம் ஏதும் இல்லை. கை தானாகவே கழித்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் ஆண்டு தோட்டத்து மேலாளராய்ப் புதிதாய் வந்த பெரிய துரை, பிரிவுக்கு ஒன்றாக மோட்டார் சைக்கிள் கொடுத்தார். தார்ச்சாலையிலும் ஓடும், மலைப் பாதையிலும் ஏறும் என்று சொல்லப்பட்ட ஜப்பானிய வண்டி அது. உயரமான இருக்கை, அகன்ற பிடி, முள் முள்ளாய்ச் சக்கரம். தார்ச்சாலையில் அது ஓடியது உண்மையே. மலைப் பாதையில் அது ஏறியதைவிட விழுந்தது அதிகம்.

வண்டி விழுவதுகூடப் பெரிதன்று. விழுந்த வண்டியைச் செல்லசாமியால் நிமிர்த்த முடியவில்லை. அஞ்சாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து தூக்கி விட வேண்டியிருந்தது. முதல் வாரத்தில் நான்கு முறை. இரண்டாம் வாரத்தில் ஏழு முறை.

"ஏன்டி காளியாயி, இன்னக்கி ஐயா எங்க விழுந்தாரு?" என்று பறிப்பவர்களில் மூத்தவளாகிய பேச்சியம்மா கேட்பாள்.

"நேத்து விழுந்த எடத்துக்குப் பக்கத்துலதான். பழகுன எடமாம்" என்பாள் காளியாயி.

இந்தச் செய்தி துரையின் காதுக்கு எட்டியது. மேற்பிரிவில் கொழுந்து குறைந்ததற்குக் காரணம், பறிப்பவர்கள் மோட்டார் சைக்கிள் தூக்குவதே என்று அவர் கண்டுபிடித்தார். செல்லசாமியைப் பங்களாவுக்கு அழைத்தார். சிங்களவரான அவர் பேசும் தமிழ் சுருக்கமானது.

"கண்டாக்கு, வெள்ளிக்கிழமை நான் வாறது. பைக் கீழ போடுறது. நீ தனியா தூக்க வேணும். தூக்கினா மேல் டிவிசன் உனக்கு. இல்லாட்டி ஆண்டியப்பனுக்கு. நீ ஃபெக்டரியில சாக்கு எண்ணலாம்."

ஆண்டியப்பன் கீழ்ப்பிரிவுக் கண்டாக்கு, இருபத்தொன்பது வயது, ஒரு கையால் வண்டி ஓட்டி மறு கையால் சிகரெட் பற்ற வைப்பவன். பத்தொன்பது ஆண்டு நடந்து பழகிய மலையை அவனிடம் கொடுத்துவிட்டுத் தொழிற்சாலைத் தூசியில் உட்காருவதை எண்ணியபோது, செல்லசாமிக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவர் தொழிற்சாலை ஃபிட்டர் இராமையாவிடம் போனார். இராமையா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வண்டி நூத்திப் பதினெட்டுக் கிலோங்க. ஒங்க ஒடம்புக்கு நூறுக்குக் கீழ வந்துச்சுன்னா ஒத்த ஆளாத் தூக்கிப்புடலாம்."

"அப்ப கொறைங்க, இராமையா."

"எதைங்க கொறைக்க?"

"ஓடுறதுக்குத் தேவையில்லாதது எல்லாத்தையும்."

அன்று மாலை தொடங்கியது அந்த வைத்தியம். முதலில் பின்னால் இருந்த இரும்புக் கரியர் கழன்றது. அதன்பின் எஞ்சினுக்குக் காவலாயிருந்த வளையம், செயினை மூடிய தகடு, கருவிப் பெட்டி, பின்னால் இருப்பவர் கால் வைக்கும் கட்டைகள், இரண்டு கண்ணாடிகள் என்று ஒவ்வொன்றாய்க் கழன்றன. சேற்றுக் காப்பின் உள்ளே காய்ந்து கிடந்த மண்ணை மட்டும் சுரண்டி எடுத்ததில் ஒரு கிலோ தேறியது. பெட்ரோலைப் பாதியாக வடித்தார்கள். இராமையா களைத்துப்போய் எழுந்தபோது, செல்லசாமி வண்டியின் இடப்பக்கத்தைச் சுட்டிக் காட்டினார்.

"இந்தக் காலு?"

"ஐயா, அது ஸ்டாண்டுங்க. அது இல்லாட்டி வண்டி நிக்காது."

"நிக்கிறதுக்கா குடுத்தாங்க? ஓடுறதுக்குத்தானே? கழட்டுங்க."

கழற்றியவை யாவும் அவருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. மனைவி அழகம்மா கரியரைச் சமையலறைச் சுவரில் அறைந்து தட்டு அடுக்கினாள். கண்ணாடியில் ஒன்றை வாசலில் மாட்டிப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

"ஒங்க பைக்கு ரொம்ப ஒழைக்குதுங்க. நம்ம குசினியிலதான்" என்றாள்.

வியாழக்கிழமை மாலை, பெண்கள் வீடு திரும்பிய பிறகு, கொழுந்து நிறுக்கும் கொட்டகையாகிய மடுவத்திலே வண்டியை நிறுத்தார்கள். கொழுந்துச் சாக்கைக் கொளுவி நிறுக்கும் அந்தத் தொங்கு தராசிலே முழு வண்டியையும் ஏற்ற வழியில்லை. ஆகவே முன்பக்கத்தைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு ஒருமுறையும், பின்பக்கத்தைத் தொங்கவிட்டு மற்றொருமுறையும் நிறுத்தார்கள். இராமையா வண்டியைத் தாங்கியபடி முள்ளைப் பார்த்துச் சொன்னார்.

"முன்னுக்கு அம்பத்திரெண்டு... பின்னுக்கு அம்பத்திமூணுங்க."

செல்லசாமி வழக்கம்போல் பென்சிலை நாவில் தொட்டு எழுதினார், கூட்டினார், முகம் மலர்ந்தார்.

"தொண்ணூத்தொம்பது, இராமையா! நூறுக்குக் கீழ!"

கைவலியிலே இருந்த இராமையாவுக்குக் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. ஒருமுறை தூக்கித்தான் பார்ப்போமே என்று அவர் சொன்னதற்கும் செல்லசாமி இணங்கவில்லை. லயத்து வீடுகளின் பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். புத்தகத்தில் எழுதியாகிவிட்டது, அது போதும் என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம், கொழுந்து நிறுக்கும் வேளையில், துரையின் ஜீப் மடுவத்து முற்றத்தில் வந்து நின்றது. துரையோடு ஆண்டியப்பனும் இறங்கினான். திரும்பிப் போகும்போது வண்டியிலேயே போய்விடலாம் என்று தலைக்கவசமும் கொண்டு வந்திருந்தான். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. முப்பது பெண்கள் சாக்கோடு வரிசையில் நின்றார்கள்.

வண்டியைப் புல்லில் கிடத்தினார்கள். செல்லசாமி அதை எதிர்கொண்டு நின்று, குனிந்து, பிடியைப் பற்றி இழுத்தார். வண்டி ஒரு சாண் எழுந்தது, மீண்டும் படுத்தது. மறுபடி இழுத்தார். இம்முறை எழுந்தது அவருடைய முனகல் மட்டுமே.

"எவ்வளவு வெயிட்?" என்று துரை கேட்டார்.

"தொண்ணூத்தொம்பதுங்க, சேர். புத்தகத்துல இருக்கு."

துரை புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முன் நாற்பத்தொன்பது, பின் ஐம்பது என்றிருந்தது. அவருக்கு ஐயம் தோன்றியது போலும். உடனே தம் கண்முன் நிறுக்கச் சொன்னார். முள் முன்னுக்கு ஐம்பத்திரண்டைக் காட்டியது; பின்னுக்கு ஐம்பத்துமூன்றை.

"நூத்தஞ்சு! மத்த ஆறு கிலோ எங்க?"

செல்லசாமி புத்தகத்தைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், அப்போதுதான் தம் கை செய்த காரியம் அவருக்கே விளங்கியது.

"கழிவுங்க, சேர்."

"என்ன கழிவு?"

"தண்ணிக்கு ரெண்டு... சாக்குக்கு ஒண்ணு. முன்னுக்கு ஒரு தரம், பின்னுக்கு ஒரு தரம்."

துரை தெளிந்த வானத்தை அண்ணாந்து பார்த்தார். வண்டியைச் சுற்றிச் சாக்கு ஏதும் உண்டா என்றும் பார்த்தார். பேச்சியம்மா முந்திக்கொண்டாள்.

"நல்ல காலம், ரெண்டா நிறுத்தாரு! நாலாக் கழட்டி நிறுத்திருந்தாருன்னா பைக்கு காத்துல பறந்துருக்கும்டி!"

மடுவம் அதிர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் சாக்கின்மேல் சாய்ந்து சிரித்தார்கள். ஆண்டியப்பன் தலைக்கவசத்தின் வாரைத் தளர்த்தலானான். செல்லசாமி மட்டும் அஞ்சாம் நம்பர் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பார்வையைக் கண்டவள் காளியாயி. சிரிப்பை நிறுத்திவிட்டு முன்னே வந்தாள்.

"தொர, ஐயாவுக்குப் பெலன் இல்லாம இல்லீங்க. தூக்குற வெதந்தான் தப்பு. நான் காட்டட்டுமாங்க?"

நாற்பத்தைந்து கிலோவும் தேறாத மேனி அவளுடையது. துரைக்கு வேடிக்கையாய் இருந்தது, தலையசைத்தார். காளியாயி வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையில் இடுப்பை முட்டுக்கொடுத்துக் குந்தினாள். ஒரு கையால் பிடியையும் மறு கையால் இருக்கைக்கு அடியிலுள்ள கம்பியையும் பற்றினாள். நிறைந்த கொழுந்துச் சாக்கோடு மேட்டிலிருந்து எழும்பும்போது செய்வதைப் போலவே, காலை ஊன்றிச் சிற்றடி வைத்துப் பின்னே போனாள். வண்டி அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு நிமிர்ந்தது.

"கையால இழுக்கக் கூடாதுங்கய்யா. காலால எந்திரிக்கணும்" என்று சொல்லி, வண்டியைத் திரும்பவும் படுக்க வைத்தாள்.

இத்தனை பேர் முன்னிலையில், துரைக்கு எதிரே, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்துவது ஒரு கண்டாக்குக்கு எளிதன்று. செல்லசாமி குந்தினார். பற்களைக் கடித்துக்கொண்டு பின்னே நடந்தார். வண்டி எழுந்தது, நிமிர்ந்தது, நிமிர்ந்த வேகத்தில் அப்படியே மறுபக்கம் போய்ப் படுத்தது.

"ஸ்டேண்ட் எங்க?" என்றார் துரை.

"கழட்டியாச்சுங்க, சேர். ஒரு கிலோ."

"அதுக்கும் கழிச்சீங்களாய்யா?" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

செல்லசாமி காற்சட்டையை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டார். சுற்றி வந்து, மறுபக்கத்தில் குந்தி, இன்னொருமுறை தூக்கினார். இம்முறை வண்டி நிமிரும் தறுவாயில் நின்று, திரும்பி, அதைத் தம் இடுப்பின்மேல் சாய்த்துக்கொண்டார். வண்டி நின்றது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் ஒருவர் கையும் வண்டிமேல் இல்லை.

துரை ஜீப்பின் கதவைத் திறந்தார்.

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, "மேல் டிவிசன் உனக்குத்தான்" என்றபடி ஏறினார். தொழிற்சாலைக்கு வேறு வழியாகப் போக வேண்டியிருந்த அவர் ஆண்டியப்பனை மறந்தே போனார். ஆண்டியப்பன் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு மைல் கீழே நடந்தான்.

அதன்பின் கொழுந்து நிறுவை நடந்தது. பேச்சியம்மாவின் சாக்குக்கு முள் காட்டியதிலிருந்து ஒரு கிலோவை மட்டும் சாக்குக்குக் கழித்துச் செல்லசாமி எழுதினார். அவள் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

மாலையில் இராமையா ஸ்பேனர்களோடு வந்தார்.

"தொட்டியையும் கழட்டிச் சின்னதா ஒண்ணு போட்டா இன்னும் நாலு கிலோ கொறைக்கலாங்கய்யா. செய்யட்டுங்களா?"

செல்லசாமி வலித்த முழங்காலைத் தடவிக்கொண்டு வண்டியைப் பார்த்தார்.

"வேணாம், இராமையா. கழட்டுனது எல்லாத்தையும் பூட்டிருங்க. விழுந்தா நானே தூக்கிக்கிறேன்."